ரொட்டி வண்டியும் ரைலியின் வஞ்சமும்

பின்லாந்தின் லாப்புவாவில் ரைலியைப் பற்றி விசாரித்தால், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், வியாழக்கிழமைதோறும் பட்டாணி சூப் வைக்கிறவள், யாரிடமும் குரலை உயர்த்தாதவள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் ஒருவன் மீது வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. டிராக்டர் உதிரிபாகம் விற்கிற ஒஸ்மோதான் அவன். சிரித்தால் தங்கப்பல் தெரியும். அந்தப் பல்லைப் பார்த்தாலே ரைலிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இளவயதில் இருவரும் மண்தடத்தில் பழைய கார்ப் பந்தயம் ஓட்டியவர்கள். பந்தயம் முடிந்ததும் ஓடிய எந்தக் காரையும் யார் வேண்டுமானாலும் குறித்துவைத்த ஒரே மலிவு விலைக்குக் கேட்கலாம் என்பது அங்கே சட்டம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தால் அதோடு பந்தயத்துக்கே முழுக்கு. காரில் பணத்தைக் கொட்டுகிறவனே எப்போதும் ஜெயித்துவிடக் கூடாது என்று வைத்தது. நல்ல சட்டம்தான், கேட்கிறவன் ஒஸ்மோவாக இல்லாதவரை.

ரைலியின் காரை அவள் தம்பி தவுனோ ஒரு குளிர்காலம் முழுக்க மாட்டுக் கொட்டகையில் கிடந்து வெல்டு வைத்துக் கட்டினான். பனி உருகுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். அந்தக் காரில் அவள் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே ஜெயித்தாள். இறங்குவதற்குள் ஒஸ்மோ வந்து காரைக் கேட்டான். சாவியைக் கொடுத்தாள். மறுநாள் அதைப் பழைய இரும்புக் கிடங்குக்கு இழுத்துப்போய் நசுக்கிவிட்டான். ஓட்டுவதற்காக அவன் வாங்கவில்லை. அவள் ஓட்டக் கூடாது என்பதற்காக வாங்கினான், பாவி.

"சட்டப்படி வாங்குனது. என் காரு, நசுக்குவேன், வறுத்துத் திம்பேன், உனக்கென்ன?" என்றான் கேட்கப்போன ரைலியிடம்.

அவள் வீட்டுக்கு வந்து சௌனா என்கிற நீராவிக் குளியலறையை மூட்டி, உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

எல்லோருக்கும் முட்டி தேய்ந்து, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, அதே கூட்டம் கம்ப்யூட்டர் பந்தயத்துக்கு மாறியது. வியாழன் மாலை அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். யாருக்கு எந்தக் கார் என்று விளையாட்டே குலுக்கிப் போடும். பழைய நடுவர் வில்யோ பழைய சட்டத்தையும் கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தார். முதல் சுற்றில் முந்தியவர் மட்டும், விரும்பினால், இன்னொருவர் காரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மறுக்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் ஜெயிப்பவருக்குத்தான் அந்த வருஷக் கோப்பை. மூன்று முறை ஜெயித்தால் கோப்பை அவர் வீட்டிலேயே தங்கிவிடும். ஒஸ்மோ ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்திருந்தான்.

மற்றவர்கள் நல்ல கார் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, ரைலி மட்டும் மட்டமான வண்டிகளாகப் பார்த்து ஓட்டிப் பழகினாள். மூன்றாம் முறையும் அவன் ஜெயித்து அந்தத் தங்கப்பல்லைக் காட்டுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கோப்பைப் பந்தயத்தன்று குலுக்கியதில் ஒஸ்மோவுக்கு இருப்பதிலேயே வேகமான சிவப்புக் கார். ரைலிக்கு ரொட்டி வண்டி, கடைகளுக்கு ரொட்டி ஏற்றிப்போகிற உயரமான வேன்.

"சூப்புக்காரிக்கு ரொட்டி வண்டி! பொருத்தம்னா இதுதான் பொருத்தம்!" ஒஸ்மோ விழுந்து விழுந்து சிரித்தான்.

முதல் சுற்று ஏரிக்கரையில். நேர்த்தடத்தில் சிவப்புக் கார் பறந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ரொட்டி வண்டி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒஸ்மோ மயிரிழையில்தான் முந்தினான். அவன் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இரண்டாம் சுற்று மலைப்பாதை, முழுக்க வளைவு.

"ஒஸ்மோ, யார் காரையாவது கேக்கிறியா?" என்றார் வில்யோ.

ரொட்டி வண்டி மலையேற்றத்தில் இழுக்காது என்று ரைலிக்குத் தெரியும். அவன் கேட்காவிட்டால் கோப்பை போச்சு. குரலைத் தழைத்துக்கொண்டாள்.

"ஒஸ்மோ, என் வண்டிய மட்டும் கேக்காதப்பா. இந்த ஒரு தடவை விட்டுடு."

அவள் கெஞ்சி அவன் இதுவரை பார்த்ததே இல்லை. அது போதுமாக இருந்தது.

"ரொட்டி வண்டிய எனக்குக் குடு," என்றான்.

இரண்டாவது வளைவிலேயே வண்டி அவனைக் கவிழ்த்தது. நிமிர்த்தினான், அடுத்த வளைவில் மறுபடியும் கவிழ்ந்தான். வண்டியில் என்ன இருந்தது, வேகமெல்லாம் ரைலியின் கையில் அல்லவா இருந்தது! சிவப்புக் காரில் அவள் நிதானமாக வந்து ஜெயித்தாள். ஜெயித்த பிறகும் நிறுத்தவில்லை. மலையிறங்கி, படகுத்துறைப் பலகைமேல் ஏற்றி, காரை நேராக ஏரிக்குள் விட்டாள்.

"ஏய்! என் காரு!" என்று அலறினான் ஒஸ்மோ.

"உன் காரா? சட்டப்படி எனக்கு வந்துச்சு. முழுகடிப்பேன், வறுத்துத் திம்பேன், உனக்கென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். வில்யோகூடச் சிரித்தார். ரைலிக்கு உடம்பெல்லாம் இனித்தது.

ஒஸ்மோ தொண்டையைச் செருமினான். "போகட்டும். கம்ப்யூட்டர் காருதானே. அடுத்த வாரம் முழுசா வந்து நிக்கப்போகுது."

ரைலியின் இனிப்பு அந்த நொடியே கசந்துவிட்டது.

"ஆமா, உன்னுது வந்து நிக்கும்," என்றாள். "நீயும் அடுத்த வாரம் வா. உனக்கு எந்தக் காரு விழுந்தாலும் கேட்டு வாங்கி முழுகடிக்கிறேன். தவுனோ கட்டுனது என்னைக்குத் திரும்பி வந்து நிக்குதோ, அன்னைக்கு நிறுத்துறேன்."