பேச்சாயி நகர்த்திய சுவர்

ஐப்பசியில் இடி இறங்கிய ஒரு மாலை, இளவேனிலின் பழைய கம்ப்யூட்டர் கருகிப் போனது. திண்டுக்கல் நாகல்நகரில் வீட்டிலிருந்தபடியே வீட்டு பிளான் வரைந்து பிழைப்பவள் அவள். ஒன்பது வருடம் ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் வேலை பார்த்து, மகள் பிறந்த பின் தனியாகத் தொழிலைத் தொடங்கியிருந்தாள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போனவள் ஒரு டேப்லெட்டோடு திரும்பினாள். கூடவே ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு, ஒரு மவுஸ், எழுதும் பேனா, பென்டிரைவ் செருகச் சின்ன இணைப்பான். பில் போட்ட கடைக்காரரே சந்தேகப்பட்டார்.

"இது படம் பாக்கத்தாம்மா லாயக்கு. பிளான் வேலையெல்லாம் இதுல ஓடுமா?"

"ஓட வைக்கிறேண்ணே."

முதல் வாரம் அழுகை வந்தது. உள்ளங்கை பட்டதும் திரையில் வரைந்த சுவர் சாய்ந்தது. பழைய கோப்புகள் பாதி திறந்தன, பாதி மறுத்தன. இரண்டாவது வாரம் கை பழகிவிட்டது. பேனாவால் கோடு இழுத்து, கீபோர்டில் அளவைத் தட்டினால் அறை அப்படியே வந்து உட்கார்ந்தது. மூன்றாவது வாரம் கம்ப்யூட்டர் மேசையைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுவிட்டாள். இப்போது எல்லா வேலையும் டேப்லெட்டில்தான்: பிளான், கடிதம், மகளின் பள்ளிக்கூட விண்ணப்பம்கூட.

அந்தச் சமயத்தில்தான் சாணார்பட்டிப் பக்கம் தோட்டத்தில் வீடு கட்ட பெருமாள்சாமி பிளான் கேட்டார். தக்காளியும் மல்லிகையும் போடுகிற சம்சாரி. போனில் அவர் சொன்னபடி வரைந்து முடித்து, டேப்லெட்டைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். பெருமாள்சாமி திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "அருமையா இருக்கும்மா. நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிரலாம்."

அவர் மனைவி பேச்சாயி சற்றுத் தள்ளி நின்றாள். இளவேனில் இதைப் பல வீடுகளில் பார்த்தவள். ஆண்கள் தலையாட்டுவார்கள், சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகு பெண்கள் போன் செய்து, அடுப்படி பத்தவில்லை என்பார்கள்.

"அக்கா, நீங்க பாக்கலையே?"

"எனக்கென்ன தாயி தெரியும், கோடு கோடா கெடக்கு."

இளவேனில் ஒரு பொத்தானைத் தொட்டாள். கோடுகள் எழுந்து நின்று சுவர்களாயின. வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படிக்குள் படம் நடந்து போனது. வெயிலில் திரை மங்கவே, பேச்சாயி முந்தானையை விரித்து நிழல் பிடித்தாள். கண்கள் விரிந்தன.

"இந்த அடுப்படியிலயா நான் நிக்கப் போறேன்? கெழக்க வாசலே இல்லையே! விடியக்காலம் பறிச்ச பூவ எங்க கொட்ட? தக்காளிப் பொட்டிய எங்க அடுக்க? கூடத்துலயா?"

"ஏன் இத முன்னாடியே சொல்லல?" என்றார் பெருமாள்சாமி.

"யாரு கேட்டா?"

இளவேனில் கூடத்துச் சுவரைப் பேனாவால் மூன்றடி உள்ளே தள்ளி, அடுப்படிக்குக் கிழக்கே வாசலுக்கு இடம் விட்டாள். அளவுகள் தாமாக மாறின. பேச்சாயிக்குப் பொறுக்கவில்லை. வேர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கொண்டா அத" என்று பேனாவை வாங்கினாள். அடுப்படிக்குக் கிழக்கே ஒரு கோணல் கட்டம் போட்டாள்.

"இங்க ஒரு சாய்ப்பு எறக்கு, பூவும் பொட்டியும் வைக்க. மேல தகரம் போதும்."

"கூடம் சின்னதாயிருமே, சோபா போடணும்ல?" என்றார் பெருமாள்சாமி.

"சோபாவுல உக்காந்து பூ கட்டுவீகளா?"

அவர் சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் நின்று, புதுக் கூடத்தைக் காலடியால் அளந்தார். திரும்பி வந்தபோது சிரித்துவிட்டார். "சரி, ஒஞ் சாய்ப்பையே போடு."

கோணல் கட்டத்தை இளவேனில் நேராக்கினாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் கீபோர்டை விரித்து, பிளானை முடித்து அங்கிருந்தே, தன் பிளான்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் மரியசெல்வத்துக்கு அனுப்பினாள். இருபது நிமிடத்தில் அவர் கூப்பிட்டார்.

"கிழக்கால சாய்ப்பு நல்ல யோசனை, இளவேனில். யாரோடது?"

"வீட்டுக்காரம்மாவோடது, சார். அவங்களே வரைஞ்சாங்க."

தை பிறந்ததும் நிலைக்கதவு வைத்தார்கள். பேச்சாயி பேனா பிடித்த கதையைக் கேட்டு அன்று வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் இளவேனிலைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி காப்பிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, டேப்லெட் இருந்த அவள் பையையே பார்த்தபடி கேட்டாள்:

"எங்க வீட்டுக்கு எப்ப வருவ தாயி? எனக்கும் ரெண்டு சுவரு நவுத்தணும்."

"இப்பவே வாரேங்க்கா, வாங்க" என்று எழுந்தாள் இளவேனில்.