துளை விடாத சுவர்

எங்கள் கிறிஸ்தவ சபையில் யாருக்கு எதை எழுதிக் கொடுக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் பிடிப்பார்கள். மதராசுப் பத்திரிகை ஒன்றில் வேடிக்கைக் கட்டுரை எழுதுகிறவன் என்று கொடைக்கானலில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பத்திரிகை மலைக்கு வராததால் பெயர் கெடாமலும் இருந்தது. கல்யாண வாழ்த்து, கல்லறை வாசகம், பெரிய போதகருக்கு வரவேற்பு எல்லாம் என் கைச்சரக்கு. ஒரே சரக்கைத்தான் ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்டிக் கொடுத்தேன் என்பதை இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ரிட்டயர்டு இஞ்சினியருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. ஸ்தோத்திர ஆராதனை வைத்து அதில் அவருடைய வாழ்க்கைச் சரித்திரத்தை வாசிப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. வழக்கமாக அதை அடக்க ஆராதனையில்தான் வாசிப்போம். சம்பந்தப்பட்டவர் மறுத்துப் பேச முடியாத இடம் அது. அவரோ, "உசுரோட இருக்கும்போதே படிங்க தம்பி. பாலத்தைத் தொறக்கிறதுக்கு முன்னாடி பாரம் ஏத்திப் பாக்குறதில்லையா?" என்றுவிட்டார்.

மலைக்கு ரோடே இல்லாத காலத்தில் வந்தவர். துரைமார்கள் டோலியில் ஏறிவர, இவர் பின்னால் நடந்து வந்தார். பிறகு ரோடு போடும் வேலையில் இருந்தார். முதல் யுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ரா பாலைவனத்துக்குப் போனார். திரும்பி வந்து பென்ஷன் வாங்கியதும் சபைக்குச் சம்பளமில்லாத ஊழியரானார். கோயிலைச் சுற்றி வடிகால் வெட்டினார், ஆர்மோனியத்துக்குத் தோல் மாற்றினார், ரசமட்டம் வைத்து பெஞ்சுகளை நேராக்கினார். சாய்ந்த பெஞ்சில் பிரசங்க நேரத்தில் தூங்கிப் பழகிய என் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு.

எழுதியதை எடுத்துக்கொண்டு நாயுடுபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். "பாலைவனத்தில் சிங்கம்போல் போரிட்டார்" என்று வாசித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்க போரிட்டேன்? பட்டாளத்துக்குக் கக்கூஸ் கட்டினேன். ஒரே ஒருவாட்டி சுட்டேன். அது தண்ணித் தொட்டியில பட்டுச்சு. தொட்டியை நானே அடைச்சேன்."

சிங்கத்தை அடித்தேன். அவர், "ரோடு போட்டப்ப பெருமாள்மலைக்கு மேல ஒரு சுவர் விழுந்துச்சு. அது இதுல வரணும்" என்றார்.

மலையை ஒட்டிக் கட்டும் சுவரில், பின்னால் ஊறும் தண்ணீர் வடிய, இடைவெளி விட்டுத் துளைகள் விட வேண்டும். அங்கே வேலை பார்த்த மேஸ்திரி அதைக் கேட்டிருக்கிறார். இவர்தான் வேண்டாம் என்றிருக்கிறார். பெரிய துரை பார்வையிட வருகிறார், சுவர் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் நன்றாக இருக்காதாம். துரை வந்தார், சுவரின் அழகைப் புகழ்ந்தார், போனார். அடுத்து மழை வந்தது. அதற்கு அழகு தெரியவில்லை.

"ரிப்போர்ட்டுல என்ன எழுதுனேன் தெரியுமா? துளை விட மேஸ்திரி மறந்துட்டார்னு எழுதுனேன். அவர் சீட்டைக் கிழிச்சாங்க. எனக்குப் பதவி உயர்ந்துச்சு. மத்ததை நீங்க எப்படி வேணாலும் எழுதிக்குங்க. இந்த ஒரு வரி சபையில கேக்கணும். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

எழுதினேன். கமிட்டிக் காரியதரிசி அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் கோடு போட்டார்.

"என்ன சார் இது? ஸ்தோத்திர ஆராதனையில பாவ அறிக்கையா? அதுக்குத் தனியா ஆராதனை முறை இருக்குல்ல?"

"அவர் ரொம்பச் சொன்னாருங்க."

"வயசானவங்க ஆயிரம் சொல்வாங்க. அந்தச் சிங்கம் எங்க? அதைத் திரும்பப் போடுங்க."

எனக்கும் கொள்கை உண்டு. ஆனால் நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கும் அவரே மேனேஜர். சிங்கம் திரும்ப வந்தது.

ஆராதனையன்று கோயில் நிரம்பியிருந்தது. கடைசி பெஞ்சில், தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு, மெலிந்த கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி என்று சொல்லாமலே தெரிந்தது. சபையார் அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் நான் வாசித்ததை உன்னிப்பாகக் கேட்டார். நான் நல்ல குரலில் வாசித்தேன். பஸ்ராவில் சிங்கம் கர்ஜித்தது. ரோடு, ஒரு கல்லும் உருளாமல், மலை உச்சிவரை ஏறியது. முடித்து ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன்.

முன் பெஞ்சிலிருந்து இஞ்சினியர் எழுந்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார்.

காரியதரிசி பாட்டுக்காரர்களைப் பார்த்துப் பாடச் சொல்லிக் கையை ஆட்டினார். ஆர்மோனியம் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. இஞ்சினியர் பின்பக்கம் திரும்பி நின்று, சுவர், துளை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் சொன்னார். "பிசகு என்னுது. மேஸ்திரி சரியாத்தான் சொன்னார். மறந்தார்னு பொய் எழுதுனேன்" என்று முடித்தார். சபையார் கோயில் கூரையை ஆராய்ந்தார்கள். மேஸ்திரி மெள்ள எழுந்தார்.

"ஐயா சொன்னது எனக்குத் தெரிஞ்சதுதானுங்க. சுவர் விழுந்த அன்னிக்கே தெரியும். இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வரச்சொன்னீங்க?"

"மன்னிப்பு..." என்று ஆரம்பித்தார் இஞ்சினியர்.

"அது கெடக்கட்டுங்க. வாயால சொன்னது இந்த வாசலைத் தாண்டாது. என்னைய அனுப்புறப்ப எழுதித்தானே அனுப்புனீங்க? மேஸ்திரி மறந்துட்டான்னு எங்க சாதிசனம் இன்னைக்கும் சொல்லுது. எம்மவனுக்குப் பொண்ணு கேக்கப் போனா, துளைய மறந்தவன் வீடாங்குறாங்க. இதையும் எழுதிக் குடுங்க. வெரசாக் குடுங்க, பஸ்ஸு போயிரும்."

போதகர் தம் பிரசங்கத் தாளின் பின்பக்கத்தை நீட்டினார். அதில் நிறைய இடம் காலியாக இருந்தது. இஞ்சினியர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாழ்த்துமில்லை, வேடிக்கையுமில்லை. சுவரில் துளை விட வேண்டுமென்று மேஸ்திரி கேட்டார், நான் மறுத்தேன், சுவர் விழுந்தது, பழியை அவர்மேல் போட்டேன். நாலே வரி. இஞ்சினியர் அடியில் கையெழுத்துப் போட நேரம் எடுத்துக்கொண்டார், ஆனால் தெளிவாகப் போட்டார்.

மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று நான் கை நீட்டினேன். அவர் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேணாம் சார். நீங்க வாசிச்சா வரி விட்டுப்போகும்" என்று சொல்லி, அதைப் போதகரிடம் கொடுத்தார்.