நேர்ச்சுவரில் ஒரு வளைவு

நிலாவில் ஒரு சுவர் இருக்கிறது. யாரும் கட்டியதல்ல. எப்போதோ தரை பிளந்து ஒரு பக்கம் மட்டும் கீழிறங்கியதால் உண்டான, நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு சரிவு. அமாவாசை கழிந்து எட்டாம் நாள் மாலையில் வெயில் அங்கே சாய்வாக விழும்போது, அளவுகோல் வைத்து இழுத்த கறுப்புக் கோடு போலத் தொலைநோக்கியில் தெரியும். வானம் பார்க்கிற எங்களுக்குள் அதன் பெயர் நேர்ச்சுவர்.

நான் நந்தனத்தில் கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடிதான் எனக்கும் என் நண்பருக்கும் ஆறு வருடங்களாக வானம் பார்க்கும் இடம். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். பள்ளியில் உயிரியல் ஆசிரியர். எட்டு அங்குல விட்டமுள்ள அந்தத் தொலைநோக்கி அவருடையது. அவர் வீட்டு வாசலிலேயே தெருவிளக்கு எரிவதால் அதை எங்கள் மாடிப்படி அறையில் வைத்திருந்தோம். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை மேடம் என்பார். அதற்கு மேல் நெருங்கிய வார்த்தை எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் பார்ப்பதோடு சரி. அவர் வரைவார். தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து பழகிய கை. பென்சிலும் ஒரு சிவப்பு டார்ச்சும் போதும். நிலாவில் ஒரு பள்ளத்தை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். எங்களைப் போன்ற இருபது, முப்பது பேருக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அவர் வரைந்ததை நான் அலுவலகத்தில் ஸ்கேன் செய்து அதில் போடுவேன். எல்லோரும் பாராட்டுவார்கள். நிழலின் விளிம்பு எந்த இடத்தில் இருந்தது என்று சந்தேகம் வந்தால், புகைப்படத்தைக் காட்டிலும் அவருடைய படத்தை நம்புகிறவர்கள் அந்தக் குழுவில் உண்டு. பார்க்காததை அவர் வரைந்ததில்லை.

போன ஆகஸ்டில் ஓர் எட்டாம் நாள், மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அவர் நேர்ச்சுவரை வரைந்தார். மறுநாள் அலுவலகத்தில் அதை ஸ்கேன் செய்யும்போது கவனித்தேன். கோட்டின் நடுவில் ஒரு வளைவு. பெரிதாக இல்லை. என் வேலையில் நாள் முழுக்கக் கோடுகளைத்தான் பார்க்கிறேன். இல்லாவிட்டால் என் கண்ணிலும் பட்டிருக்காது. காற்று சரியில்லாத நாளில் நிலா நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். அன்று அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முந்தின மாலை அதே தொலைநோக்கியில் நானும் பார்த்திருந்தேன். காற்று அசையாமல் இருந்தது. அதை நினைவுபடுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

செப்டம்பரிலும் அவர் அதையே வரைந்தார். அதே இடத்தில் அதே வளைவு. இந்த முறை இரண்டு வருடத்துக்கு முன் அவர் போட்ட படத்தைக் கணினியில் திறந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மற்ற பள்ளங்கள் எல்லாம் பொருந்தின. கோடு மட்டும் விலகியது. அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை என்று எனக்குத் தெரியும். சர்க்கரை கண்ணை என்ன செய்யும் என்று கேள்விப்படாதவளும் அல்ல நான். அப்படியிருந்தும் படத்தைக் குழுவில் போட்டேன். வழக்கம்போல, ‘அருமை சார்’ என்று நாலைந்து பேர் எழுதினார்கள். அவ்வளவு பேர் மதிக்கிற ஒரு கையிடம் போய் உங்கள் கோடு கோணலாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டேன். அடுத்த எட்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் முழுக்க வானமே தெரியவில்லை. மாலையில் அலுவலகம் விட்டு வரும்போது, எங்கள் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே சொல்வார்: “இன்னா மேடம், இன்னிக்கும் மோடமாத்தான் கீது. சாரு வரமாட்டாரா?” அப்போதெல்லாம் போன் செய்து பேசிவிடலாமா என்று தோன்றும். செய்யவில்லை.

டிசம்பரில் ஒரு மாலை மேகம் விலகியது. சார் ஸ்கூட்டரில் வந்தார். கேட்டுக்குள் திருப்பும்போது தூணில் உரசிக்கொண்டு வந்து நின்றார். அதைப் பார்த்ததும் இனி தாமதிக்க முடியாது என்று தெரிந்தது. மாடிப்படி அறையில் விளக்கைப் போட்டு, மூன்று படங்களையும் ஸ்டூலின்மேல் வரிசையாக வைத்தேன்.

“சார், இது ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க போட்டது. இது ஆகஸ்ட். இது செப்டம்பர்.”

அவர் குனிந்து பார்த்தார்.

“எதுக்கும் அந்த ஜன்னல் கம்பிய, டெலஸ்கோப்ல வைக்கிற வலது கண்ணால மட்டும் ஒரு தடவை பாருங்க” என்றேன்.

“பாக்க வேணாம் மேடம். எனக்குத் தெரியும்.”

ஸ்டூலில் இருந்த படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கினார். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டார்.

“பள்ளிக்கூடம் தொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருக்கு. போர்டுல கோடு போட்டா நடுவுல நெளியுது. லைட் கம்பம் வளைஞ்சு தெரியுது. கண்ணாடி மாத்தினா சரியாப் போயிடும்னு சொல்லிக்கிட்டேன்.”

“டாக்டர்கிட்ட போகலையா சார்?”

“எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசி ஆறு வருஷம் பைபிள நாங்கதான் வாசிச்சுக் காட்டினோம். டாக்டர் அதையே சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துது.”

“வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.” பிறகு அவரே சொன்னார்: “கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் வரைஞ்சேன். நேரா இருக்குன்னு தெரியும். நேரா வரைஞ்சிருக்கலாம். மனசு வரல. உங்ககிட்டதான குடுக்கறோம், நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் படங்களைக் குழுவில் போட்ட கை என்னுடையது.

அன்று தொலைநோக்கியை வெளியே எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எங்கள் கேட்டுக்குள்ளேயே விடச் சொல்லி, ஆட்டோவில் நானும் சாந்தோமுக்குப் போனேன். அவருடைய மனைவி பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். சார் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டதால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“நீங்க எப்போ கவனிச்சீங்க?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். சார்கூட அதை மறுத்திருக்க மாட்டார்.

“ஆகஸ்ட்ல அக்கா.”

“நாலு மாசம்” என்றார் அவர். எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார்.

அந்த வாரமே கண் மருத்துவமனைக்குப் போனார்கள். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தது. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது சார் படங்களை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதியும் நேரமும் இருந்தன. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வலது கண்ணில் இன்னும் அதிகமாகக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இடது கண்ணிலும் ஆரம்பமாகியிருந்தது. மாதம் ஒரு முறை கண்ணுக்குள் ஊசி. இடது கண் தேறியது. வலது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்பும்.

ஜனவரியில் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவருகிலேயே நின்று, “தூங்கறார்” என்றார். உள்ளே ரேடியோ கேட்டது. வாங்கிப்போன பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு போகவில்லை. தொலைநோக்கியின் மேல் போர்த்தியிருந்த பழைய புடவையை மாதம் ஒரு முறை எடுத்துத் துவைத்து மறுபடி போர்த்துவேன். தனியாக வானம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் வர வேண்டிய அளவுக்கு அவர்களுக்கு வந்திருக்கிறது, அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதத்தில் ஒரு மாலை சார் போன் செய்தார்.

“மேடம், இன்னிக்கு நிலா எப்போ?”

“இன்னிக்கு நிலாவே கெடையாது சார். நாளைக்கு அமாவாசை.”

“அதனாலதான் கேட்டேன். இருட்டுல மங்கலானத எல்லாம் பாக்கலாமே. வரட்டுமா?”

அக்கா ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வர, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஆறு வருடத்தில் அக்கா எங்கள் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நானும் சாரும் தொலைநோக்கியைத் தூக்கி வந்து வைத்தோம். தெற்கே அடையாறு ஆற்றைத் தாண்டி ஊர் வெளிச்சம் ஏறிக்கிடந்தது. அதற்கு மேலே ஒமேகா சென்டாரியைத் தேடினேன். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம் அது. இந்த ஊர் வெளிச்சத்தில் ஊதிய புகை மாதிரிதான் தெரியும். நேராகப் பார்த்தால் அதுவும் மறைந்துவிடும். மங்கலான பொருள்களுக்குக் கண்ணின் ஓரம்தான் கூர்மை. அதனால் பார்வையைச் சற்றே தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆயிற்று.

சார் குனிந்து வலது கண்ணை வைத்தார். இடது கண்ணால் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

“இருக்கு” என்றார். வெகுநேரம் நிமிரவே இல்லை. “நல்லா பெருசா இருக்கு. கீழ்ப் பக்கம் கொஞ்சம் கலைஞ்ச மாதிரி. ஓரத்துல பொடிப் பொடியா பிரியுது.”

நான் பார்த்தபோது பொடியாக எதுவும் பிரியவில்லை. வெறும் புகைதான். ஆனால் அவர் பார்க்காததைச் சொல்கிறவர் அல்ல.

“நீ பாக்கறியா?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா எழுந்து வந்து குனிந்தார். “ஒண்ணும் இல்லியே.”

“நேரா பாக்காத. கொஞ்சம் பக்கத்துல பாரு. அவசரப்படாத.”

அக்கா அப்படியே நின்றார். கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. சார் பக்கத்தில் நின்று காத்திருந்தார்.

“ஆமா” என்றார் அக்கா மெல்ல. “இருக்கு.”

நிமிர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தால் யாருக்கும் தண்ணீர் வரும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இனிமே இவர்கிட்ட எது வித்தியாசமாத் தெரிஞ்சாலும் எனக்கு முதல்ல போன் பண்ணுங்க. நீங்க யோசிச்சிட்டு இருக்க வேணாம்.”

“பண்றேன் அக்கா” என்றேன்.

அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். நான் என் எண்ணைப் பதிந்து, அதிலிருந்தே என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.