முந்தானை வைத்த போர்வை

போன வாரம் எங்கள் வீட்டுப் புறக்கடையில் வாளித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. பயந்துவிடாதீர்கள். உங்களுக்கும் சேர்த்து நானே பயந்து முடித்துவிட்டேன்.

வாளியில் கிடந்தது ஒரு குழந்தைப் போர்வை. நானே சாயம் போட்டு, நானே தைத்தது. முதல் அலசலிலேயே நிறம் அத்தனையும் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. மறுநாள் சென்னையிலிருந்து சம்பந்தியம்மா வருகிறார்!

விஷயம் இதுதான். என் மகள் சுமதிக்குத் தலைப்பிரசவம். பெரம்பூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை? இந்த வீட்டில் தாய்தான் இல்லை. என் மனைவி தவறிப்போய்ச் சில வருஷங்களாகின்றன. வளைகாப்பன்று சம்பந்தியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. பொம்பளை இல்லாத வூட்ல பச்சை உடம்புக்காரிய யாருங்க பாத்துக்குவாங்க?”

தலையை ஆட்டிவிட்டு ஆரணி பஸ் ஏறினேன்.

மனசு கேட்டால்தானே? சுமதி கல்யாணமாகிப் போனதிலிருந்து, பட்டுப்புடவைத் தறியில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்கிற மாதிரியே இருக்கும். ‘எழுந்திருப்பா, சோறு ஆறுது’ என்று ஒரு அதட்டல்... திரும்பிப் பார்ப்பேன். சுவர். அவள் ஒரு மாசம் இங்கே படுத்து எழுந்திருக்க வேண்டும். குழந்தை அழுது, நான் தறியை நிறுத்த வேண்டும். பெரிய ஆசையா இது?

வீட்டைச் சரிசெய்து வைத்தால் சம்பந்தியம்மா மனசு மாறாதா என்று நினைத்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். போர்வையையும் ஆரம்பித்தேன். பட்டறை ரசாயனச் சாயம் கையில் ஒட்டினால் லேசில் போகாது. குழந்தையோ எது கிடைத்தாலும் வாயில் வைக்கும். அதை நினைத்துச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை! நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் வாங்கினேன், சிவப்புக்கு. மஞ்சளுக்குத் துலுக்கச் சாமந்திப் பூ. வெள்ளை மல் துணியைப் படிகாரத் தண்ணீரில் நனைத்து, சாயத்தில் கொதிக்கவிட்டு எடுத்தேன் — பட்டு நூலுக்குச் செய்கிற மாதிரியே. காய்ந்தபோது அப்படி ஒரு நிறம்... கண்பட்டுவிடுமோ என்று அதற்கும் ஒரு கவலை.

துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுச் சேர்த்து, நடுவில் பஞ்சு பரப்பித் தைத்தேன். தறியில் அறுந்த பாவு இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவேன். ஊசி வேறு சாதி... விரலெல்லாம் குத்தல்.

அந்தப் போர்வைதான் வாளியில். சாயப்பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதன் கபாலி எட்டிப் பார்த்தான்.

“இன்னாடா, கோழி அறுத்தியா?”

“சாயம் போய்க்கினே இருக்குதுடா.”

“துணிய மொதல்ல கடுக்காய்த் தண்ணியில ஊற வெச்சியா?”

“பட்டுக்கு எதுக்குடா கடுக்காய்?”

“இது பட்டாடா?”

பட்டு, நிறத்தைக் கொடுத்தவுடன் வாங்கிக்கொள்ளும். மல் துணி பருத்தி; அது அப்படியில்லை. முதலில் கடுக்காய்த் துவர்ப்பு ஏற வேண்டும்; அப்புறம்தான் சாயம் தங்கும். ஏழாம் வகுப்போடு தறியில் இறங்கியவனுக்கு உலகத்துத் துணியெல்லாம் பட்டு! மனுஷர்களிடமும் இப்படித்தானே நடந்துகொள்கிறோம்? ஒருத்தரிடம் பலித்தது எல்லாரிடமும் பலிக்கும் என்று...

“இப்ப ஊற வெக்கலாமா?”

“உள்ள பஞ்ச வெச்சுத் தெச்சுட்டு ஊற வெக்கிறானாம்! செம பேஜார்டா உன்னோட.”

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். தனியாகத்தான். கொடியில் தொங்கிய போர்வை நேராக அவர் கண்ணில் பட்டது. சிவப்பு வெளுத்து, மஞ்சள் மோர் மாதிரி ஆகியிருந்தது.

“யாருங்க தெச்சது?”

“நான்தாங்க.”

“ஒரு முனை மட்டும் இன்னாங்க, இவ்ளோ பட்டையா?”

“அது... முந்தானைங்க.”

ஆமாம். இரண்டு பக்கம் கரை, ஒரு முனையில் முந்தானை. புடவையை விட்டால் வேறு அமைப்பு என் கைக்குத் தெரியாது. அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சாயம் போயிடுச்சுங்க. வேற தெச்சுத் தர்றேன்.”

“எதுக்குங்க? பொறந்த கொழந்தைக்குப் புதுத்துணி ஆகாதுன்னு நானே பழம்புடவை தேடிகினு இருக்கேன். இது பத்து வருஷம் கட்டின துணியாட்டம் மெத்துனு இருக்குது.” மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மனசு மாறிவிட்டது என்றே நினைத்தேன். சுண்ணாம்பு அடித்த அறையைக் காட்டக் கூட்டிப்போனேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“பஸ்ஸு, காரு எதுவும் ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சுமதி இங்க வர முடியாதுங்க. போன்ல சொல்ல மனசு வரல. அதான் வந்தேன்.”

அந்த அறையில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நான் ஜன்னலைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

“அவ மட்டும் சும்மா இருக்காளா?” என்றார் சம்பந்தியம்மா. “சோத்துல கை வெச்சுகினே அழுவறா. ‘அப்பா என்னா துன்னுச்சோ’ன்னு கேக்குறா. நீங்க வாங்களேன். பிரசவம் முடியற வரைக்கும் எங்க வூட்லயே இருங்க.”

பெண் கொடுத்த வீட்டில் அப்பன் போய்த் தங்குவதா? ஒரு வேளை சாப்பிடவே யோசிக்கிற ஜனங்கள் நாங்கள். தறியில் பாதிப் புடவை வேறு நிற்கிறது. எலி கடித்தால்? பூட்டு சரியாகப் பூட்டாவிட்டால்? கேட்க நினைத்தது இத்தனை. வாயில் வந்தது ஒன்றுதான்.

“சரிங்க.”

இந்த வீட்டில் அவள் குழந்தையோடு படுத்திருக்கிற அந்த ஒரு மாசம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. அந்த ஏக்கம் எங்கேயும் போகாது... இருக்கட்டும்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்தான் அப்பா வீட்டுக்கு வருவாள். அப்பன் பெண் வீட்டுக்குப் போவது எந்த ஊர் வழக்கம் என்று தெருவில் கேட்கிறார்கள்.

ஆரணி வழக்கம்தான் — வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து!