எம் வரிசைக்கு அடுத்தது

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் இது யாருக்கு நடந்ததோ, அந்தப் பெண்ணுக்குக் கதை கட்டத் தெரியாது. அடுத்தவர் கட்டினாலும் பொறுக்காது. ஒரு சரக்குக் கம்பெனியில் எக்செல் ஷீட்டுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. தப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். ஆபீஸில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர்.

அவளுடைய அப்பா மாரடைப்பு வந்து பிழைத்தவர். அவள் ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு ஒரு நர்ஸம்மா வருவார். அப்பாவின் விரலில் கருவியை மாட்டி நாடித்துடிப்பைப் பார்ப்பார். அந்த எண்ணை அங்கேயே கைபேசியில் ஒரு ஷீட்டில் போட்டுவிடுவார். அவளும் வெளியூரில் இருக்கும் தம்பியும் அவரவர் இடத்திலிருந்து அதைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளையில் ஷீட்டைத் திறந்தாள். அன்றைய துடிப்பு 74. நல்லது. கைப்பழக்கத்தில் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். மேலே உள்ள பட்டையிலும் 74 என்றுதானே இருக்க வேண்டும்? இல்லை. அங்கே ஒரு ஃபார்முலா இருந்தது.

எம் 64 கூட்டல் 4. அதாவது, எம் வரிசையின் 64-ஆவது கட்டத்தில் இருக்கும் எண்ணோடு நாலைக் கூட்டு.

முந்தின நாளைத் தட்டினாள். எம் 63 கூட்டல் 4. அதற்கு முந்தின நாளும் அப்படியே. கையால் போட்ட எண் ஒன்றுகூட இல்லை. அளந்து பார்த்த துடிப்புக்கு ஃபார்முலா எதற்கு? அப்படியென்றால் அந்தம்மா அளப்பதே இல்லை. உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு, வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார். அவளுக்கு ரத்தம் கொதித்தது. தம்பியைக் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தாள். அவன் அலட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

எம் வரிசை கண்ணில் படவில்லை. எல்லுக்கும் என்னுக்கும் நடுவில் அதை யாரோ மறைத்து வைத்திருந்தார்கள். வெளியே கொண்டுவந்தாள். தலைப்பு இல்லை. எண்கள் மட்டும் மேலிருந்து கீழாக வந்தன. இன்றைக்கு நேராக 70. அதோடு நிற்கவில்லை... நாளைக்கு 67. வியாழன் 58. வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒரு பூஜ்யம்.

அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டாள். நர்ஸம்மா வந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தையும் அவள் குறித்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில் நின்று, கருவி காட்டியதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். 71. நர்ஸம்மா கைபேசியில் 7-ஐ அழுத்தினார். 1-ஐ அழுத்தினார். வேறு எதையும் தொடவில்லை.

உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தாள். 71 இருந்தது. தட்டினாள்.

எம் 65 கூட்டல் 4.

அறுபத்தேழும் நாலும் எழுபத்தொன்று. அந்த அறுபத்தேழு நேற்றே அங்கே இருந்ததே...

வெளியே வந்து, ஃபார்முலாவை யார் போட்டுத் தந்தது என்று நேராகவே கேட்டாள்.

"எனக்கு நம்பர் போடத்தான்மா தெரியும். ஃபார்முலான்னா என்ன?"

அந்த முகத்தில் கள்ளம் தெரியவில்லை. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

நர்ஸம்மா கிளம்பிப் போனதும், எம் வரிசையை ஒட்டுமொத்தமாக அழித்தாள். அப்பாவின் துடிப்பு மாறியது.

4. 4. 4. 4... மேலிருந்து கீழ் வரை.

அப்பாவின் அறைக்கு ஓடினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. திரும்பி ஓடிவந்து, அழித்ததை மீட்டாள். எண்கள் எல்லாம் வந்துவிட்டன. பூஜ்யமும் வந்துவிட்டது.

சாயங்காலம் நர்ஸம்மாவுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பீப்... பீப்... 78. 80. 79. மத்தியானம் ஆனது. சாயங்காலமும் ஆனது. அவருக்கு ஒரு குறையும் இல்லை, அழைத்துக்கொண்டு போங்கள் என்றார் டாக்டர். இந்த ஆஸ்பத்திரிக் காபியைக் குடித்தும் சாகவில்லை, இனி எனக்குச் சாவே கிடையாது என்று அப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு ஆள். கண்கள் வீங்கியிருந்தன. நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் என்றார். அவர்களிடம் இருந்த இந்த வீட்டுச் சாவியை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை காலையில போயிட்டா... உக்காந்த இடத்துலயே."

அவர் தானாகவே சொன்னார். புதன்கிழமை இங்கிருந்து வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில் மூச்சே நின்றதுபோல் சாய்ந்துவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துவிட்டாளாம்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். தினமும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் தன் விரலில் மாட்டிப் பார்ப்பாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாளாம்.

"'பெரியவருக்கு எப்பவும் என்னைவிட நாலு கூட'ம்பா."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏஜென்ஸியிலிருந்து போன் வந்தது. வேறு நர்ஸை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். இன்னொரு பெண் இந்த வீட்டுக்குள் வரவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

அப்பாவின் விரலில் கருவியை மாட்டினாள். 82.

போடுவதற்காக ஷீட்டைத் திறந்தாள்.

82 ஏற்கெனவே இருந்தது.

தட்டினாள்...

இந்தத் தடவை எம் இல்லை. அதற்கு அடுத்த எழுத்து.

என்.

என் 70 கூட்டல் 4.

கருவியைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள்.

78.

என் வரிசை எந்தக் கிழமையில் முடிகிறது என்று அவள் இதுவரை கீழே இறங்கிப் பார்க்கவில்லை.