நாலாம் நாளில் அறுத்த ப்ராக்கோலி

ஹசீபா இருபத்தேழு வருஷம் அல்ஜீரியாவின் பூஃபாரிக் ஊர்த் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்டரில் உட்கார்ந்தவள். அடையாள அட்டையைக் காட்டாமல் அவளிடம் ஒரு கடிதம் வாங்கியவர் ஊரில் இல்லை. சொந்தச் சித்தப்பாவையே ஒருநாள் வீட்டுக்குத் திருப்பியனுப்பி அட்டையை எடுத்துவரச் சொன்னாள். கல்யாணம் கூடிவராமலே வயது போயிற்று. அப்பா விட்டுப்போன வீடும், பின்பக்கம் ஒரு துண்டு நிலமும் அவளுக்கு மிஞ்சின. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அந்த நிலத்தில் பீன்ஸ் போட்டுப் பார்த்தாள். அடுத்த வருஷம் ப்ராக்கோலி, காலிஃபிளவர் மாதிரியான பச்சைப் பூ.

ப்ராக்கோலி அவளுக்குக் கைவந்துவிட்டது. ஆகஸ்டு கடைசியில் தட்டில் விதைத்து, செப்டம்பரில் முப்பது நாற்றைப் பிடுங்கி நடுவாள். வெள்ளைப் பட்டாம்பூச்சி முட்டையிட்டுப் போன பிறகு தண்டின் நிறத்திலேயே பச்சைப் புழு வரும். தினமும் காலையில் குனிந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழுவைக் கையால் எடுப்பாள். மருந்து என்ற பேச்சே கிடையாது. "ஹசீபா வீட்டுக் காய், மருந்தே படாதது" என்று தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று பின்னாளில் அவளே ஒப்புக்கொண்டாள்.

அந்த வருஷம் ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தபோது இலையெல்லாம் சல்லடை. பூவுக்குள்ளும் புழு நுழைய ஆரம்பித்திருந்தது. அவள் பக்கத்து ஊருக்குப் போய், தன்னைத் தெரியாத ஒரு கடையில், சின்ன பாட்டில் மருந்து வாங்கிவந்தாள். அடுத்த வீட்டு வஸீலாவும் அவள் கணவர் லக்தரும் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அடித்தாள். பாட்டிலின் மேல் தெளிவாக எழுதியிருந்தது: அடித்தபின் பத்து நாள் கழித்தே அறுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தெற்கிலிருந்து பாலைவனக் காற்று கிளம்பியது. பிப்ரவரியில் அந்தச் சூட்டை யாரும் எதிர்பார்க்கவில்லை. ப்ராக்கோலியின் மொட்டுகள் ஒட்டிக்கொண்டு இறுக்கமாக இருக்கும்வரைதான் அது காய். சூடு பட்டால் மொட்டு தளர்ந்து மஞ்சள் பூவாகிவிடும், பிறகு ஆட்டுக்குத்தான் போட வேண்டும். நாலாம் நாள் காலையில் இரண்டு செடியில் மஞ்சள் எட்டிப்பார்த்தது. ஹசீபா கத்தியை எடுத்துவந்து முப்பதையும் அறுத்தாள். மூன்று தடவை அலசினாள். உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைத்தாள். கொதிக்கிற தண்ணீரில் எல்லாம் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஃப்ரீசரில் வைப்பதற்குப் பக்குவம் பண்ணுவது எப்போதும் அவளும் வஸீலாவும் சேர்ந்து செய்கிற வேலை. ஹசீபா பூவைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொதிநீரில் மூன்று நிமிஷம் போட்டு எடுப்பாள். வஸீலா அதை ஐஸ் தண்ணீரில் வாங்கி, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் பரப்புவாள். தட்டோடு உறையவைத்துப் பிறகு பையில் போட்டால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது. அன்றைக்கும் அப்படியே நடந்தது. வேலைக்கு நடுவில் வஸீலா தன் மகள் நவாலைப் பற்றிச் சொன்னாள். நவால் அல்ஜியர்ஸில் இருந்தாள். அவள் பையன் அனிஸுக்கு எட்டு மாசம்.

"புள்ளைக்கு இப்பதான் சாப்பாடு ஆரம்பிச்சிருக்கா. கடைக் காயே வேணாங்கறா. ஹசீபா சித்தி வீட்டுதுன்னா கண்ண மூடிக்கிட்டு மசிச்சுக் குடுப்பேங்கறா."

ஹசீபா வாயைத் திறந்தாள். "ஐஸ் தீந்துபோச்சு" என்றாள்.

மொத்தத்தில் எட்டுப் பையை வஸீலா தூக்கிக்கொண்டு போனாள். மற்ற நாலு வீட்டுக்கு ஒவ்வொரு பை போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை வஸீலாவும் லக்தரும் மகளையும் பேரனையும் அழைத்துவர அல்ஜியர்ஸ் கிளம்பினார்கள். வியாழனன்று திரும்புவதாகச் சொல்லி, வழக்கம்போல வீட்டுச் சாவியை ஹசீபாவிடம் கொடுத்தார்கள், செடிக்குத் தண்ணீர் விட. நவால் வந்து ஒரு மாசம் தங்கப்போகிறாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியபோதுதான், குழந்தைக்கு மசித்துக் கொடுக்கப்போவது அந்த எட்டுப் பையைத்தான் என்று ஹசீபாவுக்கு உறைத்தது.

மத்தியானம் போய் வஸீலாவின் சாமான் அறையில் இருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்தாள். பைகள் மேலாகவே இருந்தன, வஸீலாவின் கையெழுத்தில் தேதியோடு. எடுத்துவிட்டால் எங்கே என்று கேட்பாள். உண்மையைச் சொல்வதென்றால் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி. ஹசீபா மூடியை மூடினாள். பிளக்கைச் சுவரிலிருந்து பாதி வெளியே இழுத்தாள், தானாக நழுவினதுபோல. உள்ளே வேறென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ரமளானுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வஸீலா மூன்று வாரமாக உரித்த பட்டாணி, கை கறுக்கச் சீவின ஆர்டிசோக் மொட்டு, பாதி ஆட்டுக் கறி, மெல்லிய மாவில் கறி வைத்துச் சுருட்டி அடுக்கின பூரெக்குகள். அதையெல்லாம் பார்க்காமல் திரும்பிவந்தாள்.

வியாழக்கிழமை சாமான் அறை வாசலுக்குத் தண்ணீர் ஓடிவந்திருந்தது. நாற்றத்தில் உள்ளே போக முடியவில்லை. வஸீலா அழவில்லை, ஒவ்வொரு பையாக எடுத்துப் பெயர் சொல்லிச் சொல்லிச் சாக்கில் போட்டாள். ஹசீபாவும் கூட நின்று சாக்குத் தூக்கினாள். லக்தர் ஒரு ஓரமாகப் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சுவரில் ஒரு கொக்கி மாட்டுவதற்காக ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துளைபோடும் மெஷினைச் செருகினவர் அவர். "நான்தான் திரும்ப சரியா மாட்டாம விட்டிருப்பேன்" என்றார். முந்தின குளிர்காலத்தில் ஒருதடவை கெட்டிலை அடுப்பிலேயே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர். வஸீலாவுக்கு அது ஞாபகம் வந்தது. நவாலுக்கும் வந்தது.

லக்தர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நவால் அவர் கார் சாவியை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஞாபக மறதிக்குப் பக்கத்து நகரமான ப்ளீதாவில் ஒரு டாக்டரிடம் நேரம் குறித்தார்கள். லக்தர் சின்ன நோட்டு ஒன்றை வாங்கி, கேஸ் மூடினது, குழாய் மூடினது, கதவு பூட்டினது என்று மணி போட்டு எழுத ஆரம்பித்தார். பூட்டின கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பார். ஹசீபா தன் ஜன்னலிலிருந்து பத்து நாள் இதைப் பார்த்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பாள், தான் சொல்லாமலே வஸீலா எல்லாவற்றையும் மறந்துவிடுவாள் என்று மாலையில் நினைப்பாள்.

பத்தாம் நாள் லக்தர் மதில் பக்கம் வந்தார், கையில் நோட்டு.

"தங்கச்சி, நேத்து நான் உங்கிட்ட எலுமிச்சம்பழம் கேட்டேனா, இல்ல கேக்கணும்னு நெனச்சேனா? எழுத விட்டுப்போச்சு."

"கேட்டீங்க அண்ணே. நான்தான் பறிச்சு வைக்கல" என்றாள் ஹசீபா. மதிலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து, நாலாம் நாள், பிளக்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப நான் சரியா மாட்டியிருந்தேனா?"

"மாட்டியிருந்தீங்க."

லக்தர் கீழே கிடந்த சிமெண்ட் கல்லில் உட்கார்ந்தார். நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். எழுந்தபோது சொன்னார்: "வஸீலாகிட்ட நீயே போய்ச் சொல்லும்மா. இப்ப நான் சொன்னா நம்ப மாட்டா."

ஹசீபா முன்வாசல் வழியாகப் போனாள். வஸீலா ரவை பிசைந்துகொண்டிருந்தாள். ஹசீபா உட்காராமல் சொன்னாள். வஸீலா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், எட்டுப் பையும் உள்ளே இருந்ததா என்று. எண்ணிப் பார்க்கவில்லை என்றாள் ஹசீபா.

"ஆறுதான் இருந்துச்சு. ரெண்ட நான் அல்ஜியர்ஸுக்கு எடுத்துட்டுப் போனேன். மூணு நாளும் புள்ள அதத்தான் தின்னான்."

"புள்ளைய டாக்டர்கிட்ட காட்டிரு வஸீலா" என்றாள் ஹசீபா.

"நீ மருந்து அடிச்சதக்கூட மறந்துருவேன்டி. கறி போனா போவுது. இந்த மனுஷன் பத்து நாளா கதவ இழுத்து இழுத்துப் பாக்கறத நீ ஜன்னல்ல நின்னு பாத்தியே. போயிடு."

அன்றைக்கே நவால் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ப்ளீதா டாக்டர் லக்தருக்கும் வயசுக்கு ஏற்ற மறதிதான் என்றார். கார் சாவி திரும்ப அவர் கைக்கு வந்தது. நவால் அதன்பிறகு ஹசீபாவைச் சித்தி என்று கூப்பிடவில்லை.

ஹசீபா பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற நாலு வீட்டுக்கும் போனாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். இரண்டு வீட்டில் பையை அவள் கண்முன்னே குப்பையில் போட்டார்கள். நாலாவது வீட்டுக்காரி, தின்று செரித்தாயிற்று, இதை எதற்கு வந்து சொல்கிறாய் என்று கடிந்துகொண்டாள். அறுத்த செடிகளில் பக்கக் கிளைவிட்டுச் சின்னப் பூக்கள் வந்திருந்தன. அவற்றை வேரோடு பிடுங்கிப் புதைத்தாள். தன் ஃப்ரீசரில் இருந்த பட்டாணியையும் ஆர்டிசோக்கையும் டப்பா டப்பாவாக லக்தரிடம் கொடுத்தனுப்பினாள். வஸீலா வாங்கிக்கொண்டாள். டப்பாக்கள் பளிச்சென்று கழுவி, வெறுமனே திரும்பிவந்தன. முப்பது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வெறும் டப்பா வந்தது அதுவே முதல் தடவை. ரமளான் மாசம் பூராவும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோன்பு திறக்க ஒரு கிண்ணம் ஷோர்பா சூப்கூட வரவில்லை.

அந்த வருஷம் ஒன்றும் நடவில்லை. அடுத்த வருஷம் பத்தே செடி நட்டு, மேலே வலை கட்டினாள். யாராவது மருந்து அடித்ததா என்று கேட்டால், "இந்தத் தடவ அடிக்கல. முன்னாடி ஒருதடவ அடிச்சிட்டுப் பொய் சொன்னேன்" என்பாள். சிலர் வாங்கிப்போனார்கள், சிலர் இல்லை. குழந்தைக்கு என்று கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டாள்.

அடுத்து வந்த மார்ச் மாசம் ஒரு காலை, ஊருக்கு வந்திருந்த அனிஸ் தாத்தாவின் கையை விட்டுவிட்டு அவள் தோட்டத்துக்குள் ஓடிவந்தான். மூன்று வயது ஆகப்போகிறது, கன்னம் சிவந்து கொழுகொழுவென்று இருந்தான். லக்தரால் அவ்வளவு வேகமாக வர முடியவில்லை. மாடி ஜன்னலில் வஸீலா தெரிந்தாள்.

"தலைல தொப்பி இல்ல. வெயில் படுது பாரு, தூக்கிட்டு வா."

யாரைச் சொல்கிறாள் என்று ஹசீபாவுக்கு முதலில் புரியவில்லை. லக்தர் தலையை ஆட்டி அவளையே காட்டினார். கை மண்ணைத் துணியில் இரண்டுதடவை துடைத்துவிட்டு, பயந்து பயந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். வஸீலா கதவைத் திறந்து பேரனை வாங்கிக்கொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் வண்டி நாளைக்கு வருகிறதாம், வேண்டுமானால் காலியை வாசலில் எடுத்துவைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.