உமையாள் தடம்

சிக்கல் என்கிற ஊரில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் உமையாள். சாயல்குடிக்குக் கிழக்கே, உப்புக்காற்று அடிக்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். "சிக்கல்ல பொண்ணு எடுத்தா வீட்டுல சிக்கல்தான்" என்று கல்யாணப் பந்தலிலேயே யாரோ சொல்லிச் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான். அது வினையாக ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அவள் புருஷன் ராக்கப்பனுக்கு, பழைய பானை ஓடு சிதறிக் கிடக்கும் ஓட்டுமேட்டுச் சரிவில் மானாவாரி நிலம். அதுவரை உடைமரக் காடாகக் கிடந்தது. உமையாள் வந்த வருஷம்தான் மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, முதன்முதலாக நெல் விதைத்தார்கள். முதல் விதைப்புக்குப் புதுமருமகள்தான் விதைப்பெட்டியைத் தலையில் வைத்து வர வேண்டும் என்று மாமியார் பிச்சையம்மாள் சொல்லிவிட்டாள். உமையாளும் வடக்கு வரப்பில் இறங்கி, நிலத்தின் நடுவே குறுக்காக நடந்து, தெற்கு வரப்பில் பெட்டியை இறக்கினாள். மழை பெய்தது, பயிர் எழும்பியது. கார்த்திகையில் போய்ப் பார்த்தால், வடக்கிலிருந்து தெற்கே நூல் பிடித்த மாதிரி ஒரு பட்டை மட்டும் மஞ்சளடித்துச் சவலையாக நிற்கிறது.

"இவ நடந்த தடத்தப் பாருங்கடி" என்றாள் மாமியார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பட்டைக்கு உமையாள் தடம் என்றே பேர். பட்டை ஆறு முழ அகலம். அவள் என்ன யானையா, ஆறு முழத்துக்குத் தடம் விழ? ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் பக்கத்து நிலத்துக்காரி, எனக்கும்தான் தோன்றவில்லை. நானும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வரப்பு வழி சொல்வேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, என் வாய் உட்பட.

வருஷா வருஷம் உமையாள் அந்தப் பட்டைக்கு மட்டும் இரண்டு மடங்கு எருக்குப்பை சுமந்தாள். அப்படியும் மஞ்சள்தான். "குப்பைய ஒழுங்கா எறச்சியா?" என்று ராக்கப்பனும் வருஷா வருஷம் கேட்பார். ஆனால் அவள் மறுபடி அந்தத் தடத்தை மிதிக்கவே இல்லை. குப்பையைக்கூட ஓரத்தில் நின்று வீசி எறிவாள். நேராகப் போனால் நாற்பது எட்டில் முடியும் இடத்துக்கு மூன்று வரப்பு சுற்றிப் போவாள். "நான்தானோன்னும் இருக்கு, நானில்லைன்னும் இருக்கு. ஒண்ணும் வெளங்கல அக்கா" என்று என்னிடம் ஒருதரம் சொன்னாள். எனக்கும் விளங்கவில்லை. மாமியார் கண்ணை மூடின பிறகும் பேர் மட்டும் போகவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில், அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்தபோது, மண் தோண்டிப் பார்க்கிற ஆபீசர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தார். பழைய பட்டணம் ஒன்று இங்கே இருந்திருக்கிறதாம், கோட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எங்களுக்குக் கோட்டை என்றால் இருபத்தோரு மரக்கால் நெல்.

"எத்தன கோட்டை சார்?" என்றார் ராக்கப்பன்.

"ஒண்ணு கிடைச்சாலே போதும்."

"ஒண்ணா? வானம் பேஞ்சா பத்துக் கோட்டை காணும் சார்."

ஆபீசர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ராக்கப்பன் நிலத்து ஓரத்தில்தான் முதல் குழி வெட்டினார்கள். வேலைக்குப் போனவர்களில் உமையாளும் நானும் மண்கூடை சுமந்தோம். எல்லோரும் நேராகப் போய்க் கொட்ட, அவள் மட்டும் வரப்பைச் சுற்றினாள். ஆபீசர் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார்.

"அது உமையா தடம் சார். அவ மிதிக்க மாட்டா" என்றார் ராக்கப்பன். பயிர் மஞ்சளடிக்கிற கதையையும் சொன்னார்.

ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது. நோட்டை எடுத்து எழுதினார். "உமையாள்னா யாரு? அம்மனா, இல்ல பழைய காலத்து ராணியா?"

"இந்தா, கூடையோட நிக்கிறாளே சார்."

ஆபீசர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பட்டைக்குக் குறுக்கே குழி வெட்டச் சொன்னார்.

முழங்கால் ஆழத்தில் செங்கல் வந்தது. செங்கல் வரிசைக்கும் கீழே, கல்லாக இறுகிப்போன களிமண் சுவர். வடக்கு தெற்காக, சரியாக ஆறு முழ அகலம். "இதுதான் மதில். செங்கல் பின்னால வந்தவங்க வச்சது. அடியில இருக்கிற மண்சுவர்தான் முதல்ல கட்டினது, எதிரி உள்ள வராம இருக்க" என்றார் ஆபீசர். சுவருக்குள் வேர் இறங்காது, அதனால்தான் பயிர் தேறவில்லை என்றும் சொன்னார்.

"அப்ப சுவத்து மேலயா வெதச்சுக்கிட்டு இருந்தேன்?" என்று ராக்கப்பன் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

உமையாள் கூடையை இறக்கி வைத்தாள். "அய்யா, இது எத்தன வருசமா இங்கன இருக்கு?"

"ரெண்டாயிரம் இருக்கும்மா. கொஞ்சம் முன்னப்பின்ன."

"எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருசம்தான் ஆகுது" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் முழுக்கப் புரியாவிட்டாலும் ஆபீசருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "உன் பேரை எழுதிட்டேனே, அடிச்சிரட்டுமா?" என்றார்.

"கட்டுனவுக பேரு தெரியுமா அய்யா?"

"தெரியாதும்மா."

"அப்ப அடிச்சிருங்க. யாரோ கட்டுன சுவத்துக்கு நான் எதுக்குப் பேரு சுமக்கணும்."

அவர் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். ஆனியில் குழியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். புரட்டாசியில் ராக்கப்பன் வழக்கம்போல விதைத்தார். கார்த்திகையில் அந்தப் பட்டையும் வழக்கம்போல மஞ்சளடித்தது. அன்று நானும் வடக்கு வரப்பில் அவர்களோடு நின்றேன். ராக்கப்பன் பழக்கத்தில் வாயைத் திறந்தார், சட்டென்று மூடிக்கொண்டார்.

"என்ன, சொல்லுங்க" என்றாள் உமையாள்.

"சுவரு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

உமையாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். வரப்பைவிட்டு இறங்கி, அந்த மஞ்சள் பயிரின் நடுவே நேராக நடந்து தெற்கு வரப்பில் ஏறினாள்.